பாவா ஆதம் மலை: பல சமயத்தார் ஏறிய ஒரு பாதை

தமிழ் கூறும் நல்லுலகில் மலையே இறைவடிவாகப் போற்றப்படும் தலங்களுள் திருவண்ணாமலை தலையாயது. ஏறத்தாழ பதினான்கு கிலோ மீட்டர் நீளமுள்ள அதன் கிரிவலப் பாதையில், ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியில், இன்று பல நாட்டவரையும் பல சமயத்தவரையும் காணலாம். 1896இல் இளைஞராக அங்கு வந்த ரமண மகரிஷி, 1950இல் மறையும் வரை அம்மலையை விட்டு நீங்கவில்லை. அவரைப் பற்றிப் பால் பிரண்டன் எழுதிய நூல் 1934இல் வெளிவந்தபின் மேலைநாட்டார் வருகை பெருகியது. எனினும், அங்கு வருவோர் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், அம்மலையைப் பற்றிச் சொல்லப்படும் வரலாறு ஒன்றே. அது சைவம் சொல்லும் வரலாறு. ஏனையோர் அவ்வரலாற்றின் விருந்தினராகவே அப்பாதையில் நடக்கின்றனர்.

கடலுக்கு அப்பால், இலங்கைத் தீவில், இதனின்று வேறுபட்ட மலை ஒன்று உண்டு. அதன் உச்சியில் உள்ள ஒரே பாதச்சுவட்டை நோக்கிப் பல சமயத்தார், ஒவ்வொருவரும் தத்தம் வரலாற்றோடு ஏறினர். அங்கு எவரும் தம்மை விருந்தினராகக் கருதவில்லை. ஒவ்வொருவரும் தம் முன்னோர் வீட்டுக்கு வருவதாகவே எண்ணினர். இத்தகைய இடத்தில் பூசல் மூள்வதே இயல்பு என நாம் நினைப்போம். ஆயினும், பல நூற்றாண்டுகளாக அப்பாதை அனைவருக்கும் திறந்திருந்தது. அஃது எவ்வாறு இயன்றது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முனையும் வினா. புனித இடங்களின் தொன்மை, நிலப்பட்டாவைப் போல வழக்காடு மன்றங்களில் நீட்டப்படும் இக்காலத்தில், இவ்வினா வெறும் வரலாற்று ஆர்வத்தோடு நின்றுவிடுவதில்லை.

ஒரு சுவடு, பல பெயர்கள்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் 2,243 மீட்டர் உயரத்தில் கூம்பு வடிவில் எழுந்து நிற்கும் இம்மலையைச் சிங்கள மக்கள் ஸ்ரீபாத என்றும் சமனல கந்த என்றும் அழைக்கின்றனர். பாளி நூல்களில் இதன் பெயர் சுமனகூடம். கௌதம புத்தர் இத்தீவுக்கு வந்தபோது தம் பாதத்தை இங்குப் பதித்துச் சென்றார் என மகாவம்சம் கூறுகின்றது. தமிழ் இலக்கியமும் இம்மலையை அறியும். மணிமேகலைக் காப்பியத்தில் இது சமனொளி என்னும் பெயரால் சுட்டப்படுகின்றது; அம்மலையை வலம் வந்து மீளும் பௌத்தத் துறவியரைப் பற்றிய குறிப்பும் அங்கு உண்டு. இலங்கை செல்லும் தமிழகப் பயணியருக்கு ஸ்ரீபாதம் என்னும் பெயர் பழகுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, தமிழ்ப் பௌத்தர் அதனை அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

சைவர் இதனைச் சிவனொளிபாதமலை எனக் கொண்டு, உச்சியிலுள்ளது சிவபெருமானின் திருவடி என்றனர். பதினாறாம் நூற்றாண்டில் வந்த போர்த்துகேயருள் சிலர், இது இயேசுவின் சீடரான தோமையாரின் அடிச்சுவடு என்றனர். முஸ்லிம்களோ, சுவனத்திலிருந்து இறக்கப்பட்ட மனிதகுலத் தந்தை நபி ஆதம் (அலை) அவர்கள் முதன்முதலில் அடிவைத்த இடம் இதுவே எனக் கூறி, பாவா ஆதம் மலை எனப் பெயரிட்டு வழங்கினர். ஆங்கிலேயர் நிலப்படங்களில் எழுதிய ஆதம் சிகரம் என்னும் பெயர், முஸ்லிம் மாலுமிகள் வழங்கிய இப்பெயரின் வழிவந்ததே.

'பாவா' என்னும் சொல்லை வாசகர்கள் இங்குக் கருத வேண்டும். தந்தை எனப் பொருள்படும் 'பாபா' என்னும் பாரசீகச் சொல்லின் தமிழ் வடிவம் இது. இத்தீவில் ஆதம் (அலை) அவர்களைப் 'பாபா' என்றும், அன்னை ஹவ்வா (அலை) அவர்களை 'மாமா' என்றும் அழைப்பதாகப் பதினான்காம் நூற்றாண்டிலேயே இப்னு பதூதா எழுதியுள்ளார். நம் பாட்டிமார் நாவில் புழங்கிய சொல் அத்துணைப் பழைமையானது.

அரபு நூல்களில் அர்ரஹூன்

ஹிஜ்ரி 237இல், அதாவது கி.பி. 851இல் தொகுக்கப்பட்டதும், வணிகர் சுலைமானின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவதுமான 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்னும் நூல், ஸரன்தீபில் 'அர்ரஹூன்' என்னும் மலை உள்ளதென்றும், ஆதம் (அலை) அவர்கள் அதன் மீது இறங்கினார்கள் என்றும், பாறையில் அவர்களின் ஒற்றைப் பாதம் பதிந்துள்ளதென்றும், மற்றோர் அடியைக் கடலில் வைத்ததாகச் சொல்லப்படுகின்றதென்றும் குறிக்கின்றது. அச்சுவட்டின் நீளம் எழுபது முழம் என்பது அந்நூலின் கணக்கு. அதே நூற்றாண்டில் வாழ்ந்த புவியியலாளர் இப்னு குர்தாத்பிஹும் இதே அளவைக் கூறுகின்றார். தீவின் தென்பகுதிக்குரிய ரோஹண என்னும் பெயரே அரபியர் நாவில் ரஹூன் ஆயிற்றென்பர்.

இச்செய்தி அரபு வணிகர்களிடையே வேரூன்றியதற்குக் கடல்வழியும் ஒரு காரணம். தொலைவிலேயே கடலிலிருந்து புலப்படும் இச்சிகரம், கரை நெருங்குவதை மாலுமிகளுக்கு உணர்த்தும் அடையாளம். ஒன்பது நாள் பயணத் தொலைவில் அது புகைத்தூண் போலத் தெரிந்தது என்கிறார் இப்னு பதூதா. மலையைச் சூழ்ந்த பகுதியில் கிடைத்த மாணிக்கமும் நீலமும் வணிகரை ஈர்த்தன. வணிகத்துக்காகக் கரையிறங்கியவர், தம் முதல் தந்தையின் நினைவை நாடி மலையேறவும் செய்தார்.

வரலாற்றாசிரியர் இமாம் தபரி (ரஹ்) (இறப்பு ஹி. 310 / கி.பி. 923), ஆதம் (அலை) அவர்கள் ஹிந்து நாட்டிலும் ஹவ்வா (அலை) அவர்கள் ஜித்தாவிலும் இறக்கப்பட்டு, பின்னர் அரஃபாவில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டனர் என்னும் அறிவிப்புகளைத் தொகுத்துள்ளார். ஆதம் (அலை) அவர்கள் இந்நாட்டிலிருந்து நடந்தே சென்று கஅபாவை வலம் வந்தார்கள் என்னும் அறிவிப்பும் அவற்றுள் ஒன்று. இவ்வறிவிப்புகளே பிற்காலத்தில் இந்திய முஸ்லிம் அறிஞர்களின் நாட்டுப்பற்றுக்கு ஊற்றாயின. அமீர் குஸ்ரவு 1318இல் இயற்றிய 'நூஹ் ஸிபிஹ்ர்' என்னும் பாரசீகக் காவியத்திலும், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸாத் பில்கிராமி அரபியில் எழுதிய 'ஸுப்ஹதுல் மர்ஜான்' என்னும் நூலிலும், இந்நாடு ஆதம் (அலை) அவர்கள் இறங்கிய மண் என்பது அதன் சிறப்புகளுள் முதன்மையாக எடுத்துரைக்கப்படுகின்றது. இராமேசுவரத்தில் ஆபில், காபில் ஆகிய இருவருடையவை எனக் காட்டப்படும் அடக்கத்தலமும், மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணற்றிட்டுகளுக்கு வழங்கும் ஆதம் பாலம் என்னும் பெயரும் இதே மரபின் கிளைகள்.

செய்தி வேறு, அகீதா வேறு

இவ்விடத்தில், மார்க்கக் கல்வி கற்போர் தெளிவாக அறிந்திருக்க வேண்டிய ஒன்றுண்டு. திருக்குர்ஆன், அல்பகறா, அல்அஃராஃப், தாஹா ஆகிய அத்தியாயங்களில் ஆதம் (அலை) அவர்கள் பூமிக்கு இறக்கப்பட்டதைக் கூறுகின்றது. எங்கே இறக்கப்பட்டார்கள் என்பதைக் கூறவில்லை. மக்காவிலுள்ள மகாமு இப்ராஹீம் நிலை வேறு. அதனை இறைமறையே பெயர் சுட்டி, தொழுமிடமாக ஆக்கிக்கொள்ளப் பணிக்கின்றது. இலங்கை மலையின் சுவட்டுக்கு அத்தகைய ஆதாரம் ஏதுமில்லை. இருப்பவை வரலாற்று அறிவிப்புகளே.

இமாம் இப்னு கஸீர் (ரஹ்) (இறப்பு ஹி. 774 / கி.பி. 1373) தம் தஃப்ஸீரில், ஒவ்வொருவரும் எவ்விடத்தில் இறங்கினர் என்பதைப் பற்றிய செய்திகள் இஸ்ராயீலிய்யாத் வகையைச் சார்ந்தவை என்றும், அவ்விடங்களைக் குறித்துக் காட்டுவதில் அடியார்களின் மார்க்கத்துக்கோ உலக வாழ்வுக்கோ பயனிருந்திருக்குமானால் அல்லாஹ்வோ அவன் தூதரோ அதனைக் கூறியிருப்பர் என்றும் கருத்துரைக்கின்றார். அவர் அச்செய்திகளைப் பொய்யென்று வீசிவிடவில்லை. அவற்றின் உண்மையை அல்லாஹ்வே அறிவான் என நிறுத்திக்கொள்கின்றார்.

மூன்று பள்ளிவாசல்களை நோக்கியன்றிப் பயணம் மேற்கொள்ளலாகாது என்னும் கருத்துடைய நபிமொழியை முன்வைத்து, இத்தகைய இடங்களுக்குச் செல்வதையே தடுத்த அறிஞர்களும் உளர். இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களுள் முதன்மையானவர். தென்னிந்தியக் கடற்கரையிலும் இலங்கையிலும் பரவிய ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்), அந்நபிமொழி அம்மூன்று பள்ளிகளின் தனிச்சிறப்பை உணர்த்துவது. பிற பயணங்கள் ஹராமோ மக்ரூஹோ ஆகா என விளக்கினார். இக்கருத்து வேறுபாட்டைத் தீர்த்துவைப்பது இங்கு நம் நோக்கமன்று. செல்லலாம் என்றவர்களும் அச்சுவட்டை வணக்கத்துக்குரியதாக ஆக்கவில்லை. கூடாது என்றவர்களும் அதற்காக எவரிடமும் வாளெடுக்கவில்லை என்பதே நாம் சுட்ட விரும்புவது.

இப்னு பதூதா கண்ட பாதை

1344இல் மாலத்தீவிலிருந்து மஅபர் என அன்று வழங்கிய நம் சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல், காற்றின் போக்கால் இலங்கைக் கரையை அடைந்தது. புத்தளத்தில் அவரை வரவேற்றவர் ஆரியச்சக்கரவர்த்தி என்னும் தமிழ் மன்னர். பாரசீக மொழி அறிந்தவர். இத்தீவுக்கு வந்தபின் தம் விருப்பம் ஆதம் (அலை) அவர்களின் பாதத்தைக் காண்பது ஒன்றே எனப் பயணி கூற, மன்னர் பல்லக்கும் அதனைச் சுமப்போரும் அளித்தார். ஆண்டுதோறும் அப்பாதத்தைத் தரிசிக்கச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தார் பதின்மர், உணவுப்பொருள் சுமப்போர் பதினைவர் ஆகியோரையும் உடன் அனுப்பினார். ஒரு முஸ்லிமின் ஜியாரத்துக்குச் சைவ மன்னர் ஒருவர் யோகிகளையும் பிராமணரையும் வழித்துணையாக்கிய காட்சி இது. அந்த யோகிகளும் தம் நேர்த்தியை நிறைவேற்றவே அதே மலைக்கு ஏறினர்.

மலையேற்றத்தை அவர் நுணுக்கமாக வருணிக்கின்றார். பாபா வழி, மாமா வழி என இரண்டு பாதைகள். முன்னது கடினமானது, பின்னது எளியது. எளிய வழியில் ஏறியவரை ஜியாரத் செய்தவராகவே மக்கள் மதிப்பதில்லை. செங்குத்தான பாறையில் பிடித்தேற இரும்புச் சங்கிலிகள் பத்து. பத்தாவது சங்கிலிக்கு 'ஷஹாதாச் சங்கிலி' என்று பெயர். அங்கு நின்று கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தில் கலிமா மொழிவதால் அப்பெயர் வந்ததாம். அதற்கு மேல் ஹிள்று (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் குகை. பயணியர் அங்கு மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைச் சென்று காண்பது வழக்கம். சுவட்டின் நீளம் பதினொரு சாண் என்கிறார். காணாதவர் எழுபது முழம் என்றதைக் கண்டவர் பதினொரு சாணாகக் குறைத்தார். இன்று அங்குள்ள பள்ளம் ஏறத்தாழ ஆறடி. நேரில் கண்டவரின் அறிவிப்புக்கு நம் முன்னோர் ஏன் முதன்மை அளித்தனர் என்பதற்கு இதைவிடத் தக்க எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மற்றொரு செய்தியும் சுவையானது. பாதம் பதிந்த பாறையில் ஒன்பது குழிகள் குடையப்பட்டிருந்தன. முஸ்லிமல்லாத யாத்திரிகர் அவற்றில் பொன்னும் மணியும் முத்தும் இடுவர். ஹிள்று குகையை அடைந்த முஸ்லிம் பக்கீர்கள், குழிகளில் உள்ளவற்றை எடுக்க ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓடுவராம். தாம் சென்றபோது சில சிறு கற்களும் சிறிது பொன்னுமே இருந்ததாகவும், அவற்றை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டதாகவும் இப்னு பதூதா எழுதுகின்றார். ஒருவரின் காணிக்கை மற்றவரின் வழிச்செலவாயிற்று.

இவ்விணக்கம் தொடக்கம் முதலே இருந்ததன்று. முற்காலத்தில் இத்தீவினர் முஸ்லிம் பக்கீர்களைத் தடுத்தனர், துன்புறுத்தினர், அவர்களோடு உண்ணவும் கொடுக்கல் வாங்கல் செய்யவும் மறுத்தனர் என்று அவரே குறிப்பிடுகின்றார். அந்நிலை மாறியதற்கு ஷீராஸ் நகரப் பெரியார் ஷைகு அபூ அப்தில்லாஹ் இப்னு கஃபீஃப் (ரஹ்) (இறப்பு ஹி. 371 / கி.பி. 982) அவர்களைப் பற்றிய கதையைக் காரணமாகச் சொல்கின்றார். பசியால் வாடிய அவருடைய தோழர்கள், அவர் தடுத்தும் கேளாமல் யானைக்குட்டி ஒன்றைக் கொன்று தின்றனர். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துத் தின்றவர்களைக் கொன்றன. தின்னாத ஷைகை ஒரு யானை தன் முதுகில் ஏற்றி ஊருக்குக் கொண்டு சேர்த்தது. அதன்பின் அம்மக்கள் முஸ்லிம்களை மதித்துத் தம் வீடுகளில் சேர்த்து உடன் உண்டனராம். கதையின் நிகழ்ச்சிகளை எப்படிக் கொண்டாலும், அது உணர்த்தும் கருத்துத் தெளிவு: அந்நாட்டார் போற்றிய உயிருக்கு ஊறு செய்யாதிருந்த ஒருவரின் ஒழுக்கம், அவருக்குப் பின் வந்தோர் அனைவருக்கும் வழி திறந்தது.

ஒழுக்கம் தவறியபோது விளைந்ததையும் அவர் மறைக்கவில்லை. குனகார் என அவர் குறிக்கும் நகரின் புறத்தே ஷீராஸைச் சேர்ந்த ஷைகு உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் இருந்தது. மன்னரும் மக்களும் மதித்த அவரே பாதத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர். பசுவைக் கொன்ற குற்றத்துக்காக அவருடைய கையும் காலும் வெட்டப்பட்டன. அந்நாட்டில் அக்குற்றத்துக்கு மரணமே தண்டனை. அவர்மீது கொண்ட மதிப்பால் தண்டனை குறைக்கப்பட்டதோடு, சந்தை ஒன்றின் வருவாயும் அவருக்கு விடப்பட்டது. அவருக்குப் பின் அவர் மக்கள் வழிகாட்டும் பணியைத் தொடர்ந்தனர். கடுமையும் மதிப்பும் கலந்த இந்நிகழ்ச்சி, அன்றைய பொதுப் பாதை எத்துணை மெல்லிய நூலால் கட்டப்பட்டிருந்தது என்பதைக் காட்டுகின்றது.

மும்மொழிக் கல்வெட்டு

இப்பண்பாட்டுக்குக் கல்லில் எழுதிய சான்று ஒன்று உண்டு. பிறப்பால் முஸ்லிமான சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே, 1409ஆம் ஆண்டு நாளிட்ட கல்வெட்டொன்றை இலங்கையில் நாட்டச் செய்தார். 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட அக்கல் இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவந்துறையில் கோயில் கொண்ட தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் உரியவை. மூன்றிலும் காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றே. அக்கடற்பயணங்களில் உடன்சென்ற மா ஹுவான் என்னும் சீன முஸ்லிம், தம் நூலில் இம்மலைச் சுவட்டைக் குறிப்பிட்டு, அது 'ஆதான்' எனப்படும் முதல் மனிதருடையது என்றும், சீனர் பான்கூ என்பது அவரையே என்றும் எழுதினார். தம் மார்க்க நம்பிக்கையைத் தம் நாட்டவர் மொழியில் பெயர்த்துக் கூறும் முயற்சி அது.

கல்வெட்டில் போற்றப்பட்ட அத்தேவந்துறைக் கோயிலைப் போர்த்துகேயர் 1588இல் இடித்தழித்தனர். ஒரே கல்லில் மூன்று சமயத்துக்கும் இடமளித்த காலத்துக்கும், ஒரு சமயத்துக்கே இடமென்ற காலத்துக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகள் கூட ஆகவில்லை.

காவல் மாறியது, பாதை நின்றது

மலையின் காவலுரிமை பலமுறை கைமாறியுள்ளது. முதலாம் விஜயபாகு (1055–1110) யாத்திரிகர் உணவுக்கெனக் கிலிமலை முதலிய ஊர்களை மானியமாக விட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவபதிராஜர் வழியில் பாலங்கள் அமைத்தார். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சைவம் தழுவிய சீதாவக்கை முதலாம் இராஜசிங்கன் மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனை மீண்டும் பௌத்த பிக்குகளுக்கு அளித்தார். இன்றும் அவர்களிடமே உள்ளது. காவலர் யாராயினும், பாலத்தைக் கடந்தவரிடமும் சங்கிலியைப் பிடித்தவரிடமும் அவர் எவ்வரலாற்றை நம்பி ஏறுகிறார் என்று கேட்கப்படவில்லை. இன்றும் டிசம்பர் முதல் மே வரையிலான பருவத்தில் பெருந்திரளானோர் ஏறுகின்றனர். அட்டன் வழியில் வருவோர் ஏறத் தொடங்குமிடம் நல்லதண்ணி என்னும் தமிழ்ப் பெயர் தாங்கி நிற்கின்றது.

ஆயின், மலையின் அயலிலேயே கவலைக்குரிய மற்றொரு நிலை உண்டு. பலாங்கொடைக்கு அருகே குரகலைப் பாறையில் உள்ள தப்தர் ஜீலானி, ஆதம் மலைக்குச் செல்லும் முஸ்லிம் பக்கீர்கள் தங்கிச் சென்ற இடமாகப் போற்றப்படுவது. முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) (இறப்பு ஹி. 561 / கி.பி. 1166) அங்குத் தவமிருந்தார்கள் என்பது மக்கள் மரபு, அவர்களின் வரலாற்று நூல்களோ அவர்களின் வாழ்வைப் பக்தாதிலேயே காட்டுகின்றன. அதே பாறையில் முற்காலப் பிராமிக் கல்வெட்டுகளும் பௌத்தக் குகைகளும் உள்ளன. யார் முந்தியவர் என்னும் வினா அங்கு எழுப்பப்பட்டது. 2013இல் பள்ளிவாசலைச் சார்ந்த சில கட்டடங்கள் அகற்றப்பட்டன. அவ்விடம் பௌத்தத் தலமாகப் பெரிதும் விரிவாக்கப்பட்டு, 2022இல் அரசு வெசாக் விழாவும் அங்கு நடைபெற்றது. ஒரே நாட்டில், ஒரே யாத்திரை வழியின் இரு இடங்கள்; ஒன்றில் பகிர்வு நிலைத்தது, மற்றதில் தொன்மை வழக்காயிற்று.

நமக்குரிய பாடம்

ஆதம் மலையில் பகிர்வு நிலைத்தமைக்குக் காரணம் எல்லாரும் ஒரே நம்பிக்கைக்கு வந்ததன்று. பௌத்தர் அதனை ஆதமின் சுவடென ஏற்கவில்லை. நாமும் அதனைப் புத்தரின் சுவடென ஏற்கவில்லை. ஏறுவோருக்கு உணவும் பாலமும் அமைப்பதை ஆட்சியாளர் அறமாகக் கொண்டனர். வழிகாட்டிகள் பிற சமயத்தாரையும் அழைத்துச் சென்றனர். ஏறியவர் அந்நாட்டு வழக்கத்தை மதித்தனர். இம்மூன்றும் கூடியிருந்தவரை பாதை திறந்திருந்தது. ஷைகு இப்னு கஃபீஃபும் ஷைகு உஸ்மானும் இதன் இரு பக்கங்களை நமக்குக் காட்டுகின்றனர்.

குரகலையில் நடந்தது நம்மைப் புண்படுத்துகின்றது. அதற்கு மறுமொழியாக, ஆதமே எங்கள் தந்தை, எனவே மலையே எங்களுடையது எனக் கூறும் குரல்கள் நம்மிடையே எழுவதுண்டு. ஆதம் (அலை) அவர்கள் நமக்கு மட்டுமா தந்தை? பௌத்தருக்கும் சைவருக்கும் கிறித்தவருக்கும் அவர்களே தந்தை என்பதல்லவோ நம் நம்பிக்கை? அந்நம்பிக்கையைக் கொண்டே அவர்தம் மக்களுள் ஒரு சாராரை விலக்க முனைவது முறையாகாது. மேலும், உறுதிப்படாத அறிவிப்பை நாம் உரிமைப் பத்திரமாக்கினால், பிறர் தம் மரபைக் கொண்டு நம் பள்ளிவாசல்கள் மீது பத்திரம் எழுதும்போது மறுத்துரைக்க நமக்கு வாயிராது. இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அன்று காட்டிய எல்லை, இன்று நம்மைக் காக்கும் அரணும் ஆகும்.

அதே வேளை, ஆதாரம் உறுதியற்றது என்பதற்காக இம்மரபையே மறந்துவிடுவதும் இழப்பே. சுலைமான் முதல் இப்னு பதூதா வரை பதிவு செய்த இவ்வரலாறு, அயலாரோடு நம் முன்னோர் ஒரே பாதையில் நடந்ததற்கான சான்று. நம் மதரஸாக்களில் 'ரிஹ்லா' மொழிப்பயிற்சிக்குரிய நூலாக மட்டும் நின்றுவிடாமல், இலங்கை பற்றிய அதன் பகுதி வரலாற்றுப் பாடமாகவும் கற்பிக்கப்பட வேண்டும். யோகிகளும் பிராமணரும் வழித்துணையாக வர, ஒரு முஸ்லிம் அறிஞர் மலையேறிய அச்செய்தியை நம் மாணவர் மூலமொழியிலேயே படித்தறிதல் நலம்.

வல்லாஹு அஃலம்.